கச்சேரியும் கர்ப்பக்கிருகமும்

செங்கற்பட்டுச் சீமையிலே மதுராந்தகத்தில், ஏரிகாத்த ராமர் என்று கீர்த்தி பெற்ற பெருமாள் கோயிலில் ஜனகவல்லித் தாயார் சந்நிதியைச் சேவிக்கச் செல்பவர்கள், அங்கே கல்லில் பொறித்திருக்கும் எழுத்துக்களைச் சற்று நின்று வாசிப்பார்களானால், அந்தத் தர்மத்தைச் செய்தவர் சோழரும் அல்லர், நாயக்கரும் அல்லர், கிழக்கிந்தியக் கும்பினியின் ஜாகீராயிருந்த அச்சீமைக்குக் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் துரை என்பதை அறிந்துகொள்வார்கள். மழைக்காலந்தோறும் உடைத்துக்கொண்ட ஏரிக்கரையைப் பிளேஸ் பெரும் பொருள் செலவிட்டுக் கட்டுவித்தார் என்றும், அவ்வாண்டும் மழை கொட்டவே, கரை நிற்குமோ நிற்காதோ என்ற கவலையோடு இரவில் அங்கே போனபோது, வில்லும் கையுமாக இரண்டு இளைஞர்கள் கரையைக் காத்து நிற்கக் கண்டு மெய்சிலிர்த்தார் என்றும், அதற்குமுன் கோயிலார் வேண்டிக்கொண்டிருந்தபடியே தாயார் சந்நிதியை எழுப்பிக் கொடுத்தார் என்றும் ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். 1798ஆம் ஆண்டைச் சேர்த்துச் சொல்லப்படும் இக்கதையின் பக்திச் சுவையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. ஆயினும் சரித்திரத்தைக் கருதிப் படிப்பவனுக்கு அதிலே வேறோர் உண்மையும் புலப்படும். ஏரி நிறைந்தால் வயல் விளையும், வயல் விளைந்தால் கும்பினிக்கு நிலவரி வரும், அதே வயலின் ஒரு பங்கு பெருமாளுக்கு நைவேத்தியமாகவும் போகும். ஆகையால் ஏரியையும் வரியையும் கோயிலையும் தனித்தனியே வைத்துப் பார்க்க இந்தத் தேசத்தை ஆள வந்த எவராலும் முடிந்ததில்லை.

மதச்சார்பற்ற அரசு கோயில் நிர்வாகத்தில் தலையிடலாமா என்ற வாதம் நம்மிடையே ஓயாமல் நடந்துவருகிறது. ஒரு சாரார் இது வெள்ளைக்காரன் செய்துவைத்த வினை என்கிறார்கள். மற்றொரு சாரார், தெய்வநம்பிக்கை இல்லாதவர்கள் கைக்கு அதிகாரம் வந்தபின் ஏற்பட்ட விபரீதம் என்கிறார்கள். இவ்விரண்டு கூற்றுக்களையும் சென்ற இருநூறு ஆண்டுகளின் சரித்திரத்தோடு ஒத்துப் பார்த்தால், கோயிலின் கணக்கை ராஜாங்கம் பார்த்ததனால் விளைந்த தீங்கைவிட, பார்க்கவேண்டிய கடமையை உதறிவிட்டுப் போன காலத்தில் விளைந்த தீங்கே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய முறை எப்படியிருந்தது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களே போதிய சாட்சி. ராஜராஜன் கொடுத்த பொற்பாத்திரங்களும் திருவாபரணங்களும் ஒவ்வொன்றாக நிறையிட்டுக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர்தான். கூத்தப்பெருமானின் திருநாமமே எடைக்கல்லுக்கும் அளவைக்கும் பெயரானது அலங்காரத்துக்காக மட்டும் அன்று. குறைத்து அளப்பவன் தெய்வத்துக்கே துரோகம் செய்கிறான் என்ற அச்சம் அளக்கும்போதெல்லாம் அவன் நெஞ்சில் இருக்கவேண்டும் என்பது அதன் தாத்பரியம். கோயில் காரியத்தை மேற்பார்த்தவர்களுக்கு ஸ்ரீகாரியம் செய்வார் என்று பெயர். அர்ச்சனை அர்ச்சகருடையது, பாடல் ஓதுவாருடையது. கணக்கு மாத்திரம் அரசனுடைய கவலை. இந்தப் பாகுபாடு எக்காலத்திலும் பிசகாமல் நடந்தது என்று சொல்ல இயலாது. எனினும் அரசன் கோயிலுக்குப் புறம்பானவன் என்ற எண்ணமே அன்று யாருக்கும் இருந்ததில்லை.

அரசர்கள் போய், வியாபாரம் செய்ய வந்த கும்பினியார் ராஜாங்கத்தை ஏற்றபோது, பரிவட்டமும் மாலையும் தாமே அவர்களைத் தேடி வந்தன. பிளேஸ் காஞ்சிபுரத்து உற்சவங்களை நடத்திவைப்பதில் ஊக்கம் காட்டினார். வரதராஜப் பெருமாளுக்கு அவர் சமர்ப்பித்த திருவாபரணத்தைப் பற்றி அவ்வூரார் இன்றும் பேசுவார்கள். மதுரையில் 1812 முதல் 1828 வரை கலெக்டராயிருந்த ரவுஸ் பீட்டர், மீனாட்சியம்மனின் குதிரை வாகனத்துக்குக் கல்லிழைத்த தங்க அங்கவடிகளைக் காணிக்கையாக அளித்தார். ஜனங்கள் அவரைப் பீட்டர் பாண்டியன் என்றே அழைத்தார்கள். இவற்றைச் சில துரைமார்களின் சொந்தப் பிரீதி என்று தள்ளிவிடலாம். ஆனால் கும்பினி ராஜாங்கமே, சொந்தப் பிரீதிக்கு இடமில்லாத சட்டத்தின் மூலம், 1817இல் சென்னை ராஜதானியின் ஏழாவது ரெகுலேஷனைப் பிறப்பித்தது. கோயில்களுக்கும் மசூதிகளுக்கும் சத்திரங்களுக்கும் வித்தியாசாலைகளுக்கும் விடப்பட்ட மானியங்களின் வருமானம் உரிய காரியத்துக்கே செலவாகிறதா என்று விசாரிக்கும் பொறுப்பு அதனால் ரெவினியூ போர்டைச் சேர்ந்தது. போர்டின் கைகளாக ஜில்லாதோறும் கலெக்டர்களும் தாலுகாதோறும் தாசில்தார்களும் இருந்தார்கள்.

திருப்பதியில் இந்த ஏற்பாடு எவ்வளவு நுணுக்கமாகச் சென்றது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். அந்தச் சீமை 1801இல் கும்பினியார் வசமாயிற்று. 1803இல் கலெக்டர் ஸ்ட்ராட்டன், மலைமேல் நடக்கும் பூஜைகளையும், உற்சவங்களையும், ஊழியர்களின் பாத்தியதைகளையும், செலவுத் திட்டத்தையும் விசாரித்து எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். 1821இல் புரூஸ் என்ற அதிகாரி 42 விதிகள் கொண்ட ஒரு நிர்வாகத் தொகுப்பை வகுத்தார். புரூஸ் கோடு என்று பெயர் பெற்ற அத்தொகுப்பு, பிற்காலத்திலும் மேற்கோளாக எடுத்துக்காட்டப்பட்டு வந்தது. மற்றக் கோயில்களிலோ படித்தரம் என்ற ஏடு பழமையாகவே உண்டு. உதயகாலத்துக்கு எத்தனை படி அரிசி, அர்த்தஜாமத்துக்கு எவ்வளவு பால், திருவிளக்குக்கு எவ்வளவு எண்ணெய், மேளக்காரருக்கு எத்தனை பட்டை சோறு என்று வரையறுத்திருக்கும் அந்த ஏட்டைப் பார்த்துத்தான் மடைப்பள்ளியில் உலை ஏற்றுவார்கள். கலெக்டர் கச்சேரியில் மேஜைமேல் வந்து கிடந்து, சிவப்பு மை விழுந்து திரும்பியதும் பெரும்பாலும் இந்தப் படித்தரக் கணக்குத்தான். அன்னிய சமயத்தைச் சேர்ந்த ஒருவர் அர்த்தஜாமப் பாலின் அளவைச் சரிபார்த்தார் என்பதைக் கேட்க இன்று நமக்கு விநோதமாயிருக்கலாம். பால் குறையாமல் வந்து சேர்ந்ததா என்பதே அன்று கோயிலில் கைங்கர்யம் செய்தவர்களுக்கு முக்கியமாயிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மூடி மறைப்பது நியாயமாகாது. கோயில் நிலங்கள் பலவற்றைக் கும்பினியார் சர்க்கார் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக ஆண்டுதோறும் ரொக்கம் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். தஸ்திக் என்றும், சில இடங்களில் மோகினி என்றும் கோயில் கணக்குகளில் இன்றுவரை எழுதப்படும் தொகை அதுதான். நிலமானது நெல்லைத் தரும். நெல்லின் விலை ஏறினாலும் இறங்கினாலும் சுவாமிக்கு நைவேத்தியம் குறையாது. ரொக்கமோ எழுதிய நாளில் எவ்வளவோ, அவ்வளவே என்றைக்கும். அன்றைய விலைவாசிக்குத் தாராளமாயிருந்த தொகை, மூன்று தலைமுறைக்குள் விளக்கெண்ணெய்க்கும் காணாமற் போயிற்று. தேர் இழுக்க ஆள் சேரவில்லையானால் தாசில்தாரின் சேவகர்கள் கிராமங்களில் புகுந்து குடியானவர்களைப் பலவந்தமாக வடம் பிடிக்க இழுத்துவந்ததும் உண்டு. பக்தியால் இழுக்கவேண்டிய தேரைப் பிரம்புக்குப் பயந்து இழுக்கச் செய்ததைவிட அந்தத் தேருக்குச் செய்யக்கூடிய அபசாரம் வேறில்லை.

கும்பினியார் கோயிலைவிட்டு வெளியேற வேண்டும் என்ற முதற் குரல் யாரிடமிருந்து வந்தது என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் மிகவும் சிந்திக்கத்தக்கது. மதமும் அரசும் வெவ்வேறாயிருப்பதே அறிவுக்குப் பொருந்தியது என்று வாதித்த தத்துவவாதிகள் அதை எழுப்பவில்லை. தங்கள் கிறிஸ்தவ விசுவாசத்தில் ஆழ்ந்த பற்றுக்கொண்டவர்களே எழுப்பினார்கள். கிறிஸ்தவ ராஜாங்கம் விக்கிரக ஆராதனைக்குக் கைகொடுப்பது பாவம் என்பது அவர்கள் கட்சி. லண்டனில் கும்பினிப் பங்குதாரர் சபையில் ஜான் பாயிண்டர் என்பவர் இதையே விடாமல் பேசிவந்தார். 1833இல் டைரக்டர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய உத்தரவு, யாத்திரை வரியை நீக்கவும், கோயில் காரியங்களிலிருந்து அதிகாரிகள் விலகவும் வழி சொல்லிற்று. சென்னை அதிகாரிகள் அதை உடனே நிறைவேற்றவில்லை. ஜனங்கள் கலங்குவார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. 1836இல் பாதிரிமார்களும் உத்தியோகஸ்தர்களும் பலர் கையெழுத்திட்ட மனு ஒன்று பிஷப் கோரியின் மூலமாகச் சென்னை சர்க்காருக்குச் சென்றது. கோரிக்குக் கிடைத்ததோ கண்டனம். சென்னைப் படையின் தலைவராயிருந்த ஸர் பெரிகிரின் மெயிட்லண்டு, இந்து உற்சவங்களுக்குப் படைவீரர்கள் மரியாதை செய்யவேண்டும் என்ற விதியைத் தம் மனச்சாட்சி ஏற்காது என்று 1838இல் பதவியையே துறந்தார். அவருடைய சமயக் கருத்தோடு நமக்கு உடன்பாடு இராது. ஆனாலும் மனச்சாட்சிக்காக இத்தனை பெரிய பதவியைத் துறந்தவரை மதியாதிருக்க முடியாது. இன்று நாம் மதச்சார்பின்மை என்று போற்றும் கொள்கையின் ஒரு வேர், இந்தத் தேசத்தைப் பொறுத்தமட்டில், பக்திமான் ஒருவரின் வைராக்கியத்தில் இறங்கியிருக்கிறது.

காரியங்கள் அதன்பின் விரைந்து நடந்தன. 1840இன் பத்தாவது சட்டத்தால் ஜகந்நாதத்திலும் கயையிலும் அலகாபாத்திலும் யாத்திரை வரி ஒழிந்தது. அதே ஆண்டின் ஐந்தாவது சட்டத்தால், கோர்ட்டுகளில் இந்துக்கள் கங்கா தீர்த்தத்தைத் தொட்டும் முஸ்லிம்கள் குரானைத் தொட்டும் சத்தியம் செய்துவந்தது போய், உறுதிமொழி கூறும் வழக்கம் வந்தது. 1841 தொடங்கிச் சென்னை ராஜதானிக் கோயில்களின் சாவிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. திருப்பதி 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்து சேவாதாஸரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் 1817ஆம் ஆண்டு ரெகுலேஷனை யாரும் ரத்து செய்யவில்லை. கோயில் சொத்தைக் காப்பது கலெக்டரின் கடமை என்று சட்டம் சொல்லிக்கொண்டிருக்க, அந்தக் கடமையைத் தொடாதே என்று உத்தரவு தடுத்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள், சொத்து ஏராளமாயும் கேட்பார் இல்லாமலும் இருந்த கோயில்கள், தர்மகர்த்தாக்களில் நல்லவர்களின் நேர்மையை மட்டுமே நம்பி நின்றன. நல்லவர்கள் இல்லாத இடங்களில் நிலங்கள் உறவினர் பெயருக்குக் குத்தகையாகிப் பின்னர் பட்டாவாயின; திருவாபரணங்கள் அடகுக்குப் போயின; தேர் முட்டியில் நின்றபடியே மக்கியது. இவ்வளவும் நடக்கையில், நிலங்களைச் சேர்த்துக்கொண்ட சர்க்கார் தஸ்திக்கை மாத்திரம் பழைய தொகையிலேயே கொடுத்துவந்தது. விக்கிரகத்தின் கணக்கைப் பார்ப்பது பாவம் என்றவர்கள், விக்கிரகத்தின் நிலவருமானத்தை வைத்துக்கொள்வதைப் பாவமென்று கருதவில்லை. மெயிட்லண்டின் தியாகத்தைப் போற்றும் எனக்கு, அவர் காலத்து ராஜாங்கம் செய்துகொண்ட இந்த ஏற்பாட்டை மன்னிக்க மனம் வரவில்லை.

1858 நவம்பரில் மகாராணியின் பிரகடனம், பிரஜைகளின் சமய விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று வாக்களித்தது. 1863இன் இருபதாவது சட்டம், அந்தந்தப் பகுதிக்குக் கமிட்டிகளை ஏற்படுத்தி, சர்க்கார் உத்தியோகஸ்தர் எவரும் இனிக் கோயில் மேற்பார்வையை ஏற்கலாகாது என்று தடுத்தது. கமிட்டி அங்கத்தினர்கள் ஆயுட்காலம் முழுவதும் பதவியில் இருக்கலாம். அவர்களைக் கேள்வி கேட்க விரும்பும் பக்தன், முதலில் கோர்ட்டில் அனுமதி வாங்கிப் பிறகு வழக்குத் தொடுக்கவேண்டும். வக்கீலுக்குக் கொடுக்க அவனிடம் ஏது பணம்? எதிர்க்கட்சியோ கோயில் பணத்தைக் கொண்டே வழக்காடும். எந்த நாமம் இடுவது, எந்த வாழித்திருநாமம் முன்னே சொல்வது என்ற வடகலை தென்கலை விவகாரங்கள் கோர்ட்டுகளில் ஆண்டுக்கணக்காக நடந்தன. படித்தரத்தின் அளவோ சத்தமில்லாமல் சுருங்கியது. ஆராதனைக்குள் நுழைவதில்லை என்று ராஜாங்கம் விலகியதன் பலனாக, ஆராதனையின் ஒவ்வொரு நுணுக்கமும் நியாயாதிபதியின் முன்னே விசாரணைக்கு வந்தது.

ஆகவே ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபையின் தலைவரான பனகல் ராஜா 1922 டிசம்பரில் இந்து அறநிலைய மசோதாவைச் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தபோது, அதை ஒரு கட்சியின் வன்மம் என்று மட்டும் கருதியவர்கள் அதற்கு முந்திய எண்பது ஆண்டுகளை மறந்தார்கள். எதிர்ப்புக் கடுமையாயிருந்தது. மசோதா 1925இல் சட்டமாகி, மறுபடியும் 1927இல் இயற்றப்பட்டது. அதனால் அமைந்த போர்டுக்கு முதல் தலைவராக வந்தவர் ஹைகோர்ட்டு நீதிபதியாயிருந்த ஸர் டி. சதாசிவ ஐயர், தெய்வபக்தியிலோ சாஸ்திர ஞானத்திலோ குறைவில்லாதவர். கோயில்கள் தம் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றரை வரையில் போர்டின் செலவுக்குக் கொடுக்கவேண்டும் என்பது விதி. நாட்டின் பொதுப்பணத்திலிருந்து எதையும் எடுக்காமல், கண்காணிப்பின் செலவைக் கோயிலே ஏற்கவேண்டும் என்ற அந்த ஏற்பாட்டில் மதச்சார்பின்மையின் ஒரு நேர்மையான இலட்சணத்தைக் காண்கிறேன். பின்னாளில் அந்தத் தொகையே வழக்குக்கு வித்தாயிற்று என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்குகள் எந்த ஆண்டில் எழுதப்படுகின்றன என்பதையும் சொல்லவேண்டும். கோயில் அலுவலகத்தில் வரவுசெலவுத் திட்டத்தின் தலைப்பில் தமிழ் வருஷமும் இராது, ஆங்கில வருஷம் தனியாகவும் இராது. பசலி என்று இருக்கும். நிலவரி வசூலுக்காக அக்பர் காலத்தில் ஹிஜிரி ஆண்டை அடியாகக்கொண்டு உண்டான கணக்கு அது. ஜூலை முதல் தேதி பிறக்கும். 2000 ஜூலையில் தொடங்கியது பசலி 1410. மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்தரத்துக்கும் செலவெழுதும் குமாஸ்தா, முகலாயர் அமைத்து, கும்பினியார் தொடர்ந்து, குடியரசு ஏற்ற ஓர் ஆண்டின் கீழே எழுதுகிறார். அதனால் உத்தரத்தின் புனிதம் எள்ளளவும் குறைந்ததில்லை.

சுதந்திரம் வந்த ஆண்டிலேயே சென்னையின் ஆலயப்பிரவேசச் சட்டமும் வந்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரையில் வைத்தியநாதையர் ஹரிஜன அன்பர்களோடு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் நடந்து சென்று திறந்த வழி அப்போது ராஜதானி முழுவதற்கும் சட்டமாயிற்று. இதைத் தலையீடு என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கோயிலின் கணக்கைப் பார்த்த ராஜாங்கம் கோயிலின் வாசலையும் பார்க்காமல் இருந்திருக்குமானால் அது தர்மமாயிராது. அறநிலையச் சீர்திருத்தத்தை அதன்பின் முன்னின்று ஊக்கியவர் அந்நாளில் ராஜதானியின் பிரதமராயிருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். வள்ளலாரிடத்தில் ஈடுபாடு கொண்டு, பதவி போனபின் வடலூரைச் சேர்ந்து வாழ்ந்த அவரை நாஸ்திகர் என்று எவரும் சொல்லமுடியாது. 1951இல் வந்த சட்டம், போர்டை எடுத்துவிட்டுக் கமிஷனரின் கீழ் ஓர் அரசாங்க இலாகாவையே நிறுவியது.

அந்தச் சட்டத்தின்மேல் உடுப்பியின் சிரூர் மடத்து அதிபதி தொடுத்த வழக்கில், 1954இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பை நீதிபதி முகர்ஜி எழுதினார். எந்தச் சடங்கு ஒரு சம்பிரதாயத்துக்கு இன்றியமையாதது என்று தீர்மானிப்பது அந்தச் சம்பிரதாயத்தாரின் சுதந்திரம்; சொத்தின் நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்கு செய்யலாம், ஆனால் நிர்வாக உரிமையை அடியோடு பிடுங்கலாகாது; இலாகா வசூலித்த தொகை, செய்யும் பணிக்கு ஈடான கட்டணமாக இல்லாமல் வரியாகவே இருப்பதால் செல்லாது என்று அத்தீர்ப்பு வகுத்தது. ஸ்ரீகாரியம் செய்வாருக்கும் அர்ச்சகருக்கும் நடுவே முன்னோர் வழக்கமாக வைத்திருந்த எல்லையை ஏறக்குறைய அதே இடத்தில் சட்டபாஷையில் எழுதிவைத்தது என்றே அதை வாசிக்கும்போது தோன்றுகிறது. 1959இன் சட்டம், அந்தத் தீர்ப்பைக் கண்முன் வைத்துக்கொண்டு திருத்தி எழுதப்பட்டது. 1960 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் கோயில்கள் அதன் ஆட்சியில் இருக்கின்றன. எல்லை தாண்டப்படுவதே இல்லை என்று நான் சாதிக்கவரவில்லை. கோயில் நிதியைக் கோயிலுக்குச் சம்பந்தமில்லாத காரியங்களுக்கு எடுப்பதும், ஒருகால பூஜைக்கே எண்ணெய் இல்லாத சிற்றூர்க் கோயிலை அடுத்த கோயிலின் உபரிக் கணக்கோடு ஒப்பிட்டு மறந்துவிடுவதும் எங்கே நடந்தாலும் அவை குற்றங்களே. அவற்றைக் கண்டிக்கும் பக்தர்களின் பக்கமே நான் நிற்பேன். அதற்குப் பரிகாரமாக 1841ஆம் ஆண்டுக்கே திரும்பிப் போவோம் என்பவர்களோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

தென்கோடியில் நடந்த ஒன்று மிச்சமிருக்கிறது. திருவிதாங்கூரில் ரெஸிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்குப் பேராதரவு அளித்தவர். அவரே 1811ஐ ஒட்டிய ஆண்டுகளில் 348 பெரிய கோயில்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறிய கோயில்களையும் சர்க்கார் நிர்வாகத்தில் சேர்த்து, அவற்றின் நிலங்களையும் சர்க்கார் நிலங்களோடு கலந்துவிட்டார். நிலத்தை எடுத்துக்கொண்ட ராஜாங்கம் பூஜையை நடத்திக்கொடுக்கக் கடமைப்பட்டது என்ற வழக்கு, மன்னர்களின் காலம் முழுவதும் நின்று, சமஸ்தானங்கள் இந்திய யூனியனில் சேர்ந்தபோதும் தேயவில்லை. 1956 நவம்பர் முதல் தேதியில் கன்னியாகுமரிப் பகுதி நம்மோடு சேர்ந்ததும், சுசீந்திரம் தாணுமாலயனும் குமரியில் தவம் புரியும் பகவதியும் அந்தக் கடனோடுதான் நம்மிடம் வந்தார்கள். ஏழாவது திருத்தம் அரசியல் சாசனத்தில் 290அ என்ற விதியைச் சேர்த்தது. மதத்துக்காக வரி விதிக்கலாகாது என்று மற்றோரிடத்தில் கூறும் அதே சாசனம், இங்கே கேரள அரசின் தொகுநிதியிலிருந்து திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், நம் அரசின் தொகுநிதியிலிருந்து இப்பகுதிக் கோயில்களுக்காக 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் கொடுக்கக் கட்டளையிடுகிறது. இது தானம் அன்று, சலுகையும் அன்று. எடுத்த நிலத்துக்குக் கொடுக்கும் ஈடு. ஆகையால் மதச்சார்பற்ற அரசு இதைக் கொடுப்பதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிகிற குறை வேறு. தஸ்திக்கைப் பிடித்த அதே நோய் இதையும் பிடித்திருக்கிறது: 1956இல் எழுதிய அதே தொகைதான் சாசனத்தில் இன்றும் நிற்கிறது. அதற்கு மேற்பட்டதெல்லாம் அந்தந்த அரசின் மனத்தைப் பொறுத்தது. ஆனால் அப்பகுதியின் நாஞ்சில் வயல்களோ அன்று முதல் இன்றுவரை ஆண்டுக்கு இருபோகம் விளைந்துகொண்டுதான் இருக்கின்றன.